மவுஸ் மாஸ்டரின் எட்டாம் பக்கம்

டெப்லெட் என்கிற டெப் வந்து கொம்பியூட்டரை ஒழித்துவிடும் என்று சொல்லுகிற எவரும் மவுஸ் மாஸ்டரைச் சந்தித்ததில்லை. சந்தித்த பிறகும் அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் வெள்ளவத்தையில் மூன்று பேர். அந்த மூன்று பேரின் பிள்ளைகளுக்கும் கலியாணம் பிந்தித்தான் நடந்தது. மூவரில் ஒருவன் நான்.

மாஸ்டர் கலியாணத் தரகர். அதற்கு முன் புவியியல் படிப்பித்தவர். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கும் மனைவிக்கும் மட்டும் தெரியும். மனைவி காலமான பிறகு அட்டைக்கு மட்டும். எங்கள் தொடர்மாடியில் அவர் கீழ்த்தளம், நான் நாலாம் மாடி. இடையில் அறுபத்தெட்டுப் படிகள். லிப்ட் உண்டு. அதில் ‘திருத்த வேலை நடைபெறுகிறது’ என்ற மட்டையும் உண்டு. இரண்டில் மட்டைதான் ஒழுங்காக வேலை செய்தது.

மற்றத் தரகர்கள் கைப்பைக்குள் நாலு சாதகமும் இரண்டு படமும் கொண்டு போவார்கள். மாஸ்டர் கொம்பியூட்டரையே கொண்டு போவார். மடியில் வைக்கிற சாதி அல்ல, மேசையில் வைக்கிற சாதி. பெட்டி, திரை, கீபோட், மின்சாரம் போனால் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்க ஒரு யூ.பி.எஸ்., நீட்டு வயர். பெட்டியைக் குளிக்கிற துவாயால் சுற்றி ஓட்டோவில் மடியில் வைத்து, வளைவு வந்தால் இரண்டு கையாலும் அணைத்துக்கொள்வார். திரை ஒரு பூப்போட்ட தலையணை உறைக்குள் போகும். மவுஸை மட்டும் வேறொன்றோடும் சேர்க்கமாட்டார். அது அவருடைய சட்டைப் பையில் இருக்கும், வால் வெளியே தொங்கும். கோயிலுக்குப் போனாலும் தொங்கும். பெயர் அப்படித்தான் வந்தது.

வழக்கமாக ஏற்றிப் போகும் சிங்கள ஓட்டோக்காரர், அவர் ஏறி இருந்ததும் பின்னுக்குத் திரும்பி, “பேபி நித்திரையா மாஸ்டர்?” என்று தமிழில் கேட்பார். மாஸ்டர் கோபிக்கமாட்டார். “ஹொந்தட்ட நிதி, மல்லி. நல்ல நித்திரை. மெதுவாப் போ,” என்பார்.

ஒருநாள் எல்லாவற்றையும் எங்கள் வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். மொத்தம் இருபத்தொரு கிலோ. மாஸ்டரையும் ஏற்றி நிறுத்தேன். ஐம்பத்திரண்டு. இந்தக் கணக்கு என்னைப் பல நாள் தொந்தரவு செய்தது. தன் நிறையில் ஐந்தில் இரண்டு பங்கைத் தூக்கிக்கொண்டு ஒரு மனிதர் ஊரார் பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசப் போவது எந்த வகையிலும் நியாயமாக எனக்குப் படவில்லை.

ஆனால் அவருக்கு ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எட்டுப் பக்கம் செய்து வைத்திருந்தார். முதலாம் பக்கம் சாதகம். இரண்டாம் பக்கம் பொருத்தம். பிறகு படிப்பு, வேலை, தாய் தகப்பன், சகோதரங்கள். ஏழாம் பக்கத்தில் ஒரேயொரு வசனம், அவரே எழுதியது. எட்டாம் பக்கத்தில்தான் படம். ஏழு பக்கத்தையும் வாசித்து முடிக்காமல் ஒருவரும் எட்டாம் பக்கத்தைப் பார்க்க முடியாது, ஏனென்றால் மவுஸ் அவர் கையில்.

“முகத்தை முதல்ல காட்டினால் அண்ணை, மிச்சத்தை ஒருத்தரும் வாசிக்க மாட்டினம். கடைசியில காட்டினால், வாசிச்ச எல்லாத்தையும் அந்த முகத்தில தேடுவினம்,” என்று எனக்கு விளக்கினார்.

மாப்பிள்ளை வீட்டில் மாமன்மார் இருப்பார்கள். பெரிய உத்தியோகம் பார்த்து இளைப்பாறிய மாமன்மார். அப்படி ஒருவர், தான் ஒருமுறை அமத்திப் பார்ப்பதாக மவுஸுக்குக் கை நீட்டினார். மாஸ்டர் அதை இழுத்து, வயரோடு சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“இது ஸ்டியரிங், ஐயா. பஸ்ஸில வாற எல்லாருக்கும் ஸ்டியரிங் குடுக்கிறேல்ல. நீங்கள் யன்னல் கரையில இருந்து பாருங்கோ.”

ஏழாம் பக்கங்கள் வெள்ளவத்தையில் பெயர் பெற்றவை. ஒரு பெடியனுக்கு, ‘பஸ்ஸில் எழும்பி இடம் கொடுத்துவிட்டு, இறங்கப் போகிறவன்போல நடிக்கிறவர்’ என்று எழுதியிருந்தார். ஒரு பெண்ணுக்கு, ‘கோபம் வந்தால் சத்தம் போடாது, கழுவின பாத்திரத்தைத் திரும்பக் கழுவும்’ என்று. இரண்டு கலியாணமும் நடந்தது. பாத்திரம் கழுவுகிற பெண் இப்போது ஒஸ்ரேலியாவில் இருக்கிறது, பாத்திரம் கழுவ மெஷின் வாங்கவில்லை என்று கேள்வி.

ஆனால் தங்கள் பிள்ளையின் ஏழாம் பக்கத்தைத் தாய் தகப்பனுக்கு அவர் காட்டமாட்டார். நான் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் ஒரே பதில். “அது மற்றாக்களுக்கு எழுதினது. நீங்கள் பிள்ளையோட ஒரு வீட்டில இருக்கிறியள். உங்களுக்கு என்னத்துக்கு?”

எங்கள் மகள் கௌரிக்கு அப்போது முப்பத்தைந்து வயது. பொரளைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். விழுந்து முறிந்தவர்களை மறுபடி நடக்கப் பழக்குகிற வேலை. பிறவியிலேயே அவளுடைய இடது கன்னத்தில் நெல்லிக்காய் அளவில் கருஞ்சிவப்பாக ஒரு மறு. எங்களுக்கு அது கண்ணில் படுவதே இல்லை. மற்றவர்களுக்கு வேறொன்றும் கண்ணில் படுவதில்லை.

மாஸ்டரிடம் போகுமுன் பதினான்கு குடும்பங்களுக்கு அவளுடைய படம் போனது. எங்கள் படியேறி வந்தது ஒன்றுமில்லை. மாஸ்டரின் எட்டுப் பக்கமும் ஐந்து குடும்பங்களுக்குப் போனது. மூன்று வந்தன. ஒன்றில், மாப்பிள்ளை வேலையை விடச் சொன்னார். கௌரி மாப்பிள்ளையை விட்டாள். இன்னொன்று, அவர்கள் வெளிநாடு போனதால் நின்றது. மற்றதில் மாப்பிள்ளையின் தாய் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டு, தேத்தண்ணியும் குடித்து, வாசலில் செருப்பைப் போடும்போது என் மனைவியின் காதில், “இது பிறக்கிற பிள்ளையளுக்கும் வருமோ?” என்று கேட்டார். கௌரி பின்னால் நின்றதை அவர் காணவில்லை.

ஐந்தில் மூன்று என்பது நல்ல கணக்கு. அதை வைத்துக்கொண்டு நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

ஆனால் எங்கள் வீட்டுக் கஷ்டமும் ஒன்று இருந்தது. மாஸ்டர் தன் வீட்டில் வெளிச்சம் போதாதென்று, புதிய பக்கம் செய்வதற்கு எங்கள் சாப்பாட்டு மேசைக்குத்தான் வருவார். அதற்குக் குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைக் கழற்ற வேண்டும். பக்கம் முடிய இரண்டு மணித்தியாலம். ஒரு வருடத்தில் ஆறு சட்டி தயிர் புளித்தது. இரண்டு முறை பியூஸ் போனது. அவருடைய மகன் கனடாவிலிருந்து அனுப்பிய டெப்போ அவர் வீட்டில் சுடுசட்டி இறக்கி வைக்கிற பலகையாக இருந்தது.

நான் நாள்தோறும் சொன்னேன். அறுநூறு கிராம், மாஸ்டர். பிளக் வேண்டாம், துவாய் வேண்டாம். எல்லாரும் இப்போது இதில்தான் பார்க்கிறார்கள். இன்னும் கொஞ்சக் காலத்தில் இந்தப் பெட்டிகளை நூதனசாலையில்தான் காணலாம்.

“அது பாக்கிற சாமான் அண்ணை. இது காட்டுற சாமான்,” என்றார் அவர். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

பிறகு ஒருநாள் கொம்பியூட்டர் விழுந்தது. எங்கள் வீட்டுக்கு ஏறும்போதுதான். நான் திரையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினேன். அவர் தடக்காமல் வரட்டும் என்று படிகளை உரக்க எண்ணினேன். நாற்பத்து மூன்றில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, நாற்பத்து இரண்டோ என்று. நின்றேன். அவரும் நின்றார். துவாய் வழுக்கியது. பெட்டி ஏழு படி இறங்கி, லிப்ட் கதவில் முட்டி நின்றது.

“உங்கட எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டு என்ர காலை விட்டிட்டன், அண்ணை,” என்றார். பெட்டியில் வெளிச்சம் வரவில்லை. அடுத்த கிழமை அவர் டெப்பைக் கையில் எடுத்தார். எங்கள் வீட்டுத் தயிர் அதன் பிறகு புளிக்கவில்லை. எனக்கு அது ருசிக்கவும் இல்லை.

டெப்போடு போன முதல் வீட்டிலேயே அதை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டார்கள். வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்கவில்லை. மாப்பிள்ளையின் சித்தி ஒரு விரலால் தள்ளினார், சாதகம் போய்விட்டது. இன்னொரு தள்ளில் படிப்பும் வேலையும் போயின. எட்டாம் பக்கத்தில் நின்று, இரண்டு விரலால் முகத்தைப் பெருப்பித்து, மூக்கைப் பார்த்து, அடுத்த பெண்ணுக்குத் தாவினார். அந்தப் பெண்ணை அந்த வீட்டுக்குக் காட்டுவதாகவே மாஸ்டர் நினைத்திருக்கவில்லை. இன்னொரு வீட்டில் மாமா ஒருவர் பெண்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தார். மற்றொரு வீட்டில் டெப் மடிக்கு மடி மாறிச் சமையலறைக்குப் போய், மஞ்சள் விரல் அடையாளத்தோடு திரும்பி வந்தது.

“ஒரு பிள்ளைக்கு நாலு செக்கன், அண்ணை. நான் மணிக்கூடு பாத்தனான்,” என்று என்னிடம் சொன்னார். சட்டைப் பையில் மவுஸ் அப்போதும் தொங்கியது. ஒன்றிலும் பொருத்தாத மவுஸ்.

ஆறு கிழமையில், ஒன்றரை மாதத்துக்குள், ஒன்பது வீடு போனார். ஒன்றும் சரிவரவில்லை. அதில் இரண்டு வீட்டில் கௌரியின் படமும் தள்ளுப்பட்டது. அதை அவர் மறைக்காமல் வந்து சொன்னார். கௌரி வேலைக்குப் போகும் அவசரத்தில் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“மாஸ்டர், என்னை அதிலயிருந்து எடுத்து விடுங்கோ. நாலு செக்கனுக்கு நான் வரேல்ல,” என்றாள்.

“கொட்டாஞ்சேனையில ஒரு நல்ல இடம் இருக்கு, பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை போறன். இது ஒண்டு மட்டும்.”

“இதுதான் கடைசி. பிறகு ஒரு வீட்டுக்கும் என்னைக் கொண்டுபோகக் கூடாது.”

அவள் சொன்னால் சொன்னதுதான். மனைவி அன்று முழுவதும் என்னோடு கதைக்கவில்லை. பெட்டி விழுந்தது என்னால் என்பதை அவளும் கணக்கில் வைத்திருந்தாள்.

ஞாயிறு பின்னேரம் நாலரை மணி. மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள், கௌரி ஆஸ்பத்திரியில். நான் பெனியனும் சாரமுமாக பல்கனியில் உடுப்புக் கிளிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்து நாலு இருக்க வேண்டும், இருபத்து மூன்றுதான் வந்தது. அப்போது போன் அடித்தது. மாஸ்டர். அதுவும் படத்தோடு, வீடியோ அழைப்பு. அவர் ஒருநாளும் படத்தோடு எடுப்பவர் அல்ல.

எடுத்தேன். ஒரு பெருவிரல் தெரிந்தது. பிறகு ஒரு மின்விசிறி சுற்றியது. பிறகு முழுக்க இருட்டு. குரல்கள் மட்டும் வந்தன.

“குடுங்கோ தங்கச்சி இங்க.” அது மாஸ்டர்.

“என்ன மாஸ்டர், பறிக்கிறியள்? அடுத்ததைப் பாப்பம் எண்டுதானே தள்ளினனான். அந்தப் பிள்ளைக்குக் கன்னத்தில என்னவோ கிடக்கு.” இது ஒரு பெண் குரல். கெட்ட குரல் அல்ல. சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்து வைக்கிற சாதாரணக் குரல்.

எனக்குப் புரிந்துவிட்டது. டெப்பை அவர் பறித்தபோது விரல் எங்கள் தொலைபேசி இலக்கத்தில் பட்டிருக்கிறது. அதை அவர் கவனிக்காமல் மேசையில் குப்புற வைத்துவிட்டார். நான் போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

“அந்தப் பிள்ளையைப் பற்றி நான் வாயால சொல்லுறன். படம் இல்லை. எல்லாரும் இருங்கோ,” என்றார் மாஸ்டர்.

சொன்னார். முதலாம் பக்கத்திலிருந்து தொடங்கினார். எத்தனையாம் வீட்டில் செவ்வாய், என்ன நட்சத்திரம், எங்கே படித்தது, எந்த வார்டில் வேலை. தாய்க்கு முழங்கால் வருத்தம் என்றார். தகப்பன் நல்ல மனிசன், எதையும் எண்ணாமல் இருக்க ஏலாது என்றார். ஒருவர் சிரித்தார். நான் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இனி ஏழாம் பக்கம். பழசை அழிச்சுப் புதுசா எழுதினது. இந்தப் பிள்ளையை ஒரு அம்மா வந்து பாத்தவ. வாசலில நிண்டு, கன்னத்தில கிடக்கிறது பேரப்பிள்ளையளுக்கும் வருமோ எண்டு கேட்டிட்டுப் போனவ. அரை வருசம் கழிச்சு அவ குளியலறையில விழுந்து இடுப்பு முறிஞ்சு, இந்தப் பிள்ளையின்ர வார்டுக்குத்தான் வந்தவ. பிள்ளை ஒன்பது கிழமை கையைப் பிடிச்சு அவவை நடத்தினது. முகத்தில மாஸ்க். அவவுக்கு ஆள் தெரியேல்ல. நான் பழம் கொண்டு பாக்கப் போன இடத்தில கண்டு, வாயைத் திறக்கப் போனன். பிள்ளை என்னைப் பாத்துத் தலையை ஆட்டிச்சுது, வேண்டாம் எண்டு. இண்டைக்கும் அந்த அம்மா, அந்த மாஸ்க் போட்ட பிள்ளை மாதிரி ஒரு மருமகள் வேணும் எண்டு என்னைத்தான் கேக்கிறா.”

மின்விசிறிச் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு வயதான ஒரு ஆண் குரல், “அந்தப் படத்தை இன்னொருக்காக் காட்டுங்கோ, மாஸ்டர்,” என்றது.

“சார்ஜ் முடிஞ்சுது,” என்றார் மாஸ்டர்.

நான் போனை வைத்தேன். பன்னிரண்டு நிமிடம் பேசியதாக அதில் காட்டியது. ஒன்பது கிழமை அவள் தினமும் இந்த வீட்டில் இரவுச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறாள். நான் தினமும் இடியப்பத்தை எண்ணியிருக்கிறேன். ஒருநாளும் இது எனக்குத் தெரியாது.

ஆறு மணிக்கு மாஸ்டர் மேலே வந்தார், அறுபத்தெட்டுப் படியும் ஏறி. நான் ஒன்றும் அறியாதவன்போலக் கதிரை எடுத்துப் போட்டேன்.

“அந்த இடம் சரிவராது அண்ணை,” என்றார்.

“ஏன் மாஸ்டர்?”

“சாதகம் பொருந்தேல்ல.”

“அப்ப ஒண்டும் செய்ய ஏலாது,” என்றேன்.

டெப் எல்லாவற்றையும் குறித்து வைக்கிற சாமான். யாருக்கு அழைப்பு போனது, எத்தனை நிமிடம் என்று அதில் அவர் அன்றே பார்த்திருப்பார். இன்றுவரை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலையில் துவாயால் சுற்றிய பெட்டியை நானே தூக்கிக்கொண்டு, காலி வீதியில் கடைகளுக்கு மேல்மாடியில் இருக்கிற ஒரு திருத்துமிடத்துக்குப் போனேன். அங்கேயும் முப்பத்தொரு படி. திருத்துகிறவர் மூடியைத் திறந்து, ஊதி, என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“ஐயா, உங்கட வயசுக்கு டெப் ஒண்டு வாங்கினால் சுகம். இதை இப்ப ஆர் பாவிக்கினம்?”

“ஒரு கலியாணத்துக்குத் தேவைப்படுது,” என்றேன். உள்ளே மின்சாரம் கொடுக்கிற பாகம் மட்டும்தான் போயிருந்தது. யூ.பி.எஸ்ஸுக்கும் புதிய பற்றறி போடலாம் என்றார். போட்டால் மின்சாரம் போன பிறகு இருபத்தைந்து நிமிடம் நிற்கும். பழையதென்றால் ஆறு நிமிடம். புதியதை வாங்கினேன். மாஸ்டர் வீட்டு மேசையில் பெட்டியையும் பற்றறியையும் வைத்தேன். அவர் பெட்டியைத் தடவிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து மவுஸை எடுத்துப் பொருத்தினார். திரையில் அம்புக்குறி அசைந்தது. வெகுநேரம் அதை வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

கௌரியிடம் இன்னொரு தடவை கேட்கும் தைரியம் எனக்கும் மனைவிக்கும் இல்லை. அவர் கேட்டார். பெட்டி திரும்பிவிட்டது, டெப்பை இனி ஒரு வீட்டிலும் வெளியே எடுப்பதில்லை, கல்கிசையில் ஒரு வீடு, ஒரேயொரு வீடு என்றார். கௌரி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, “பெட்டியை ஆர் தூக்கிக்கொண்டு போய்த் திருத்தினது?” என்று கேட்டாள். நான் என்றேன். “எத்தனை படி?” என்றாள். சொன்னேன். சரி என்றாள்.

அது மின்வெட்டுக் காலம். எந்தப் பகுதியில் எத்தனை மணிக்கு நிற்கும் என்று அட்டவணை வரும். கல்கிசையில் நடந்ததை, கலியாணத்துக்குப் பிறகு சம்பந்தியம்மா சொல்லித்தான் நான் அறிந்தேன்.

மாஸ்டர் பின்னேரம் ஐந்து மணிக்குப் போயிருக்கிறார். முதல் மூன்று பக்கம் வழக்கம்போல. நாலாம் பக்கத்தில் நின்று, சம்பந்தியம்மாவின் முறுக்கில் போட்டது சீரகமா ஓமமா என்று கதையைத் தொடங்கியிருக்கிறார். முறுக்குக் கதை கால் மணித்தியாலம். ஐந்தரைக்கு மின்சாரம் நின்றது. யூ.பி.எஸ். கீ கீ என்று கத்தத் தொடங்கியது. அந்தச் சத்தம் கேட்க, சுவாமிப் படத்துக்குப் பின்னால் இருந்த பல்லியும் சொல்லியிருக்கிறது. அதை நல்ல சகுனமாக அவர்கள் எடுத்தார்கள். ஐந்தாம் பக்கம். ஆறாம் பக்கம். ஏழாம் பக்கத்தை மாப்பிள்ளை இரண்டு தடவை வாசித்தார். மூன்றாம் தடவை தொடங்கும்போது கீச்சென்று ஒரு சத்தத்தோடு எல்லாம் அணைந்தது.

“படம் உள்ளுக்கை மாட்டிக்கொண்டுது. பிள்ளையை நேர வந்து பாருங்கோ,” என்று மாஸ்டர் பெரிய கவலையோடு சொல்லியிருக்கிறார்.

“உங்கட பைக்குள்ள டெப் ஒண்டு தெரியுதே, மாஸ்டர். அதில பாக்கேலாதோ?” என்று சம்பந்தியம்மா கேட்டிருக்கிறார்.

“அதில என்ர பிறசர் குளிசை நேரம் மட்டும்தான் இருக்கு.”

அந்த ஞாயிறு அவர்கள் வந்தார்கள். லிப்ட் வேலை செய்யவில்லை. கௌரியே கதவைத் திறந்தாள். மாப்பிள்ளைக்கு முப்பத்தொன்பது வயது, கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் வேலை, முன்தலையில் மயிர் குறைவு. அறுபத்தெட்டுப் படி ஏறிய மூச்சு வாங்க வாசலில் நின்றவர், வணக்கம் சொல்லவும் மறந்து அவளைப் பார்த்தார்.

“அந்த அம்மா இப்ப நல்லா நடக்கிறாவோ?”

கௌரி திரும்பி, பின்னால் நின்ற மாஸ்டரைப் பார்த்தாள். தன் ஏழாம் பக்கம் என்னவென்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். அவர் மவுஸ் வாலை விரலில் சுற்றிக்கொண்டு சுவரில் கிடந்த கலண்டரைப் பார்த்தார்.

“நல்லா நடக்கிறா. உங்களை விட வேகமாப் படி ஏறுவா,” என்றாள்.

கன்னத்தைப் பற்றி அவர் முதல் முதல் கேட்டது கலியாணத்துக்குப் பிறகாம். வெயில் பட்டால் அது எரியுமோ என்று.

மாஸ்டர் இப்போது கனடாவில் மகனோடு இருக்கிறார். போகும்போது கொம்பியூட்டரை என்னிடம் தந்துவிட்டுப் போனார். அவருடைய வீட்டை ஒழுங்குபடுத்தப் போனபோது, கட்டிலுக்குக் கீழே நான் வாங்கிக் கொடுத்த யூ.பி.எஸ். பற்றறி இருந்தது, உறை பிரிக்காமல். அன்று கல்கிசைக்குப் போனது ஆறு நிமிடப் பழையதுதான். பக்கத்தில் கல்கிசையின் மின்வெட்டு அட்டவணை, ஐந்தரை மணிக்குக் கீழ் பேனையால் ஒரு கோடு. டெப் என்றால் அன்று அணைந்திருக்காது.

இந்தக் கட்டுரையையும் அந்தக் கொம்பியூட்டரில்தான் எழுதுகிறேன். குளிர்சாதனப் பெட்டியின் பிளக் கழற்றியிருக்கிறது. டெப் இதை ஒழிக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு எழுபத்து நாலு வயது, களைத்துவிட்டேன். எது எதை ஒழித்தாலும் படி ஏறப்போவது நான்தான்.

மவுஸை அவர் தரவில்லை. அது அவரோடு போய்விட்டது. அதனால் வேறொன்றை வாங்கிப் பொருத்தியிருக்கிறேன்.

ஞாயிறுதோறும் பின்னேரம் அந்த டெப்பிலிருந்து படத்தோடு எடுப்பார். அதைப் பிடிக்க இன்னும் அவருக்குத் தெரியாது. முதலில் மகன் வீட்டுக் கூரை வரும். பிறகு யன்னல், வெளியே பனி. பிறகு சட்டைப் பை, அதில் தொங்குகிற வால். பிறகு ஒரு காது. டெப்பை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லும்படி மனைவி பக்கத்திலிருந்து என்னை இடிப்பாள். நான் சொல்வதில்லை. அவசரமில்லை, முகம் கடைசியில் வரட்டும்.